கைக்காரியும் அவள் அப்பாவின் இடது கையும்

என் மச்சினிக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். என் மனைவி, அதாவது அவளுடைய அக்கா, "மூளை ஆராய்ச்சி" என்பாள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பக்கத்து வீட்டு மூளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல. என் மாமனார், "ரப்பர் கைக்குச் சொறிஞ்சு விடுற வேலை" என்பார். நான் அவளைக் கைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் படித்து வாங்கிய பட்டமெல்லாம் சுவரில் தொங்குகிறது. நான் வைத்த பட்டம்தான் எல்லார் வாயிலும் நின்றது.

வேலை என்னவென்றால், ஒரு ஆளை மேஜை முன்னால் உட்கார வைப்பாள். அவர் கையை ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைப்பாள். பிறகு இரண்டு பிரஷ்களை எடுத்து, மறைந்திருக்கும் கையையும் ரப்பர் கையையும் ஒரே சமயத்தில், ஒரே விரலில், ஒரே மாதிரி வருடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளுக்கு ரப்பர் கைதான் தன் கை என்று தோன்றிவிடும்.

"நம்ம உடம்பு நம்மளோடதுன்னு நமக்கு எப்படித் தெரியுது மாமா? அதைத்தான் கண்டுபிடிக்கிறோம்."

"இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? கொசு கடிச்சா எனக்கு அரிக்குது. அதனால என்னோடது."

"அந்த அரிப்பை மட்டுமே ஆயுசு முழுக்க ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க, தெரியுமா?"

"சொறிஞ்சு விட ஆள் இல்லை போல, பாவம்."

ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது என்னையே உட்கார வைத்துச் செய்து காட்டினாள். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கையைக் கிழித்துக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, அடுத்த கண்ணாடியை அறுக்கப் போகிறவன். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே அந்த ரப்பர் கையின் மேல் சுத்தியலைப் போட்டாள் பாருங்கள், நான் கத்திய கத்தில் தெருமுனையில் நின்றிருந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது, விசில் சத்தம் என்று நினைத்து. மாமியார் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னைக் கேக்காம யாருய்யா விசில் குடுத்தது?" என்று உள்ளிருந்து வந்தார்.

மச்சினிக்கு இந்தக் கைப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது என்று மாமியார் சொல்வார். மரத்துப் போகும்வரை கையின் மேல் உட்கார்ந்திருந்து, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வருவாளாம். "அம்மா, இது யார் கைன்னே தெரியல." மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் கைதான். குடு, பாத்திரத்தைக் கழுவிட்டுத் தரேன்" என்பாராம். அந்த வீட்டில் வாய் இல்லாதது தூண் மட்டும்தான்.

படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது. ஆனால் அந்த வேலைக்கு வேர் கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம், இன்னொன்றில் மூன்று வருஷம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஊருக்குள் காய்கறிக் கடை எங்கே என்று தெரிவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். ரப்பர் கைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த காவலர் ஒருவர் அதற்குப் பிறகு ராஜினாமா செய்துவிட்டுச் சாமியாராகிவிட்டார் என்பது நான் சொல்லும் கதை. உண்மையில் அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, "இது என்னம்மா?" என்று மட்டும்தான் கேட்டாராம்.

கல்யாணப் பேச்சும் வந்தது. "மாப்பிள்ளை எந்த ஊர்ல இருந்தா உனக்குச் சரிப்படும்?" என்று அக்கா கேட்டாள். "முதல்ல நான் எந்த ஊர்ல இருப்பேன்னு யாராவது சொல்லுங்க" என்றாள். பேச்சு அதோடு நின்றது. நிரந்தர வேலை என்பதை அவள் சொல்லும்போது, நாம் மழை வரும் என்று சொல்வோமே, அந்தத் தொனிதான் இருக்கும்.

மாமியார் நோயில் படுத்தபோதும் அவள் தூரத்தில்தான் இருந்தாள். ஒப்பந்தத்தின் கடைசி மாதங்கள். "இந்த வாரம் சோதனைக்கு ஆளுங்க வராங்கக்கா, அடுத்த வாரம் கெளம்பிடறேன்" என்றாள். மாமியார் அடுத்த வாரம்வரை இருக்கவில்லை. வந்து இறங்கியவள் அழக்கூட இல்லை, அம்மாவின் கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மாமனார் அவளைப் பார்த்து, "இதெல்லாம் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம் பாப்பா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ரப்பர் கையைக் குறைத்துக்கொண்டு நோயாளிகள் பக்கம் போனாள். மூளையின் வலப்பக்கம் ரத்தம் அடைத்து, இடப்பக்கம் விழுந்துபோனவர்களில் சிலர், தங்கள் இடது கையைப் பார்த்து "இது என்னோடது இல்ல" என்பார்களாம். டாக்டர் கை என்பார்களாம், பக்கத்துக் கட்டில்காரர் மறந்து வைத்துவிட்டுப் போனது என்பார்களாம். மற்ற விஷயங்களில் புத்தி தெளிவாகவே இருக்குமாம்.

என் கடையில் அவள் ஆளுயரக் கண்ணாடிகளைச் சக்கரம் வைத்துச் செய்து வாங்கிப் போனது அப்போதுதான்.

"இவ்வளவு பெரிய கண்ணாடி துணிக்கடைக்குத்தான் போகும். ஆஸ்பத்திரியில யாரு சேலை கட்டிப் பாக்கப் போறா?" என்றேன்.

"நோயாளி குனிஞ்சு பாத்தா அது யாரோ ஒருத்தர் கை. எதிர்ல கண்ணாடியில பாத்தா, தோள்ல ஆரம்பிச்சு விரல் வரைக்கும் தன்னோடவே இருக்கறது தெரியும். உடனே 'அட, என் கைதான்'ம்பாங்க. கண்ணாடியை எடுத்தா மறுபடியும் யாரோட கையோ. நாங்க அதைத் திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கறோம் மாமா. சிலருக்கு அந்தக் குழப்பம் நின்னுடும்."

"அப்படின்னா உன் விஞ்ஞானமே என் கடை சரக்குலதான் ஓடுதுன்னு சொல்லு."

அந்தக் கண்ணாடி எங்கள் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

மாமனார் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் வலப்பக்கம்தான். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் போகவில்லை. நர்ஸிடம், "சில்லறை இருந்தா மட்டும் ஊசி போடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினி இந்த முறை அடுத்த வாரம் என்று சொல்லவில்லை. கிடைத்த வண்டியில் ஏறி வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றியைத் தடவி, பிறகு அவருடைய இடது கையைத் தூக்கி அவர் கண்முன்னால் காட்டினாள். தன் தொழிலில் தினம் கேட்கும் கேள்வி, வாயில் தானாக வந்துவிட்டது.

"அப்பா, இது யாரு கை?"

"உங்கம்மா கை. இது கூடவா தெரியல? உன்னைத் தூக்கி வளத்த கை."

என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சினி மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "அம்மா இறந்துட்டாங்கப்பா."

"தெரியும் பாப்பா. நான்தானே கூட இருந்தேன்? கை மட்டும் வந்திருக்கு. எப்படின்னுதான் எனக்கும் வெளங்கல. அவ வாய் இல்லாம வந்தது இதான் முதல் தடவை."

வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஜன்னல் ஓர அறையில் கட்டில் போட்டோம். அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர் குடியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போர்வையை முதலில் இடது கைக்குத்தான் போர்த்துவார், "அவளுக்குக் குளிர் ஆகாது" என்று. பிஸ்கட் கொடுத்தால் பாதியை உடைத்து அந்த உள்ளங்கையில் வைப்பார். மதியம் அவர் தூங்கியதும் அதை எடுத்துத் தின்றது நான்தான், இல்லாவிட்டால் எறும்பு ஊர்வலம் வந்துவிடும். எழுந்து பார்த்து, "நல்லாத் தின்னிருக்கா. இருந்தப்ப இவ்வளவு தின்னதில்ல" என்று சந்தோஷப்படுவார். பஸ்ஸில் நடந்த பழைய சண்டைகளையெல்லாம் அந்தக் கைக்குச் சொல்வார். சில நாள் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, பொழுதன்னைக்கும் என் மேலயே கையைப் போட்டுக்கிட்டுக் கெடக்கா பாருங்க. பிள்ளைங்க நடமாடற வீடு, கொஞ்சமாவது வெக்கம் வேண்டாம்?" என்று கண்ணடிப்பார். மாமியார் போனதிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பயிற்சிக்கு வந்த பிசியோ பெண்ணுக்குத்தான் திண்டாட்டம். "ஐயா, கையை மடக்கப் பாருங்க" என்றால், "அவளைக் கேளும்மா. அவ கையை நான் எப்படி மடக்கறது? சொன்னா கேக்கற ஆளா அவ?" என்பார். ஒரு நாள் சக்கர நாற்காலியில் வாசல் பக்கம் தள்ளிப் போகும்போது இடது கை கீழே தொங்கிச் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. விரல் தோல் உரிந்து ரத்தம். அவர் "ஐயோ, அவளுக்கு அடிபட்டுருச்சு, அவளுக்கு அடிபட்டுருச்சு" என்று தெருவே கூடும்படி அலறினார்.

கட்டுப் போட்டுவிட்டுப் பிசியோ பெண் கூடத்தில் உட்கார்ந்து பட்டென்று சொன்னாள்: "தன் கைன்னு அவர் நெனச்சாத்தான் பயிற்சி ஏறும். இந்த ஆரம்ப மாசங்க ரொம்ப முக்கியம். இது போச்சுன்னா அப்புறம் எதுவும் பெருசா வராது."

அன்று சாயங்காலம் அக்காவும் தங்கையும் அடுப்படியில் சண்டை போட்டார்கள். நான் நடுவில் நின்று காய் நறுக்குவதைப் போல நடித்தேன்.

"கண்ணாடி வச்சுப் பாக்கலாம்க்கா. இதைத்தான் நான் இத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"விடுடி. அவரு சிரிச்சுக்கிட்டு இருக்காரு. எத்தனை நாள் கழிச்சுச் சிரிக்கறாரு தெரியுமா? நீ இங்க இருந்தாத்தானே தெரியும்?"

"நாளைக்கு அந்தக் கையில சுடுதண்ணி கொட்டினாக்கூட அவருக்குத் தெரியாது. அப்ப என்ன சொல்லுவ? அப்பாவுக்குக் கை வேண்டாமா?"

"அவருக்கு எது வேணும்னு அவரைக் கேட்டியா?"

"நோயாளியைக் கேட்டு எப்படி..."

"நோயாளியா? யாருடி நோயாளி?"

மச்சினி அடுப்படியை விட்டு வெளியே போனாள். ஆனால் மறுநாள் என் கடைக்கு வந்து, "மாமா, பழைய அளவுல ஒரு கண்ணாடி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆவல். அப்பா கேட்ட கேள்விக்கு அவரிடமே பதில் சொல்லப் போகிறோம் என்கிற ஆவல் என்று நினைக்கிறேன். அன்று நான் கிண்டல்கூடப் பண்ணவில்லை.

கண்ணாடியை அவர் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினோம். சட்டையைத் தளர்த்தி, தோள் தெரிய உட்கார வைத்தாள்.

"கண்ணாடியில யாருப்பா?"

"வேற யாரு? கெழட்டுக் கண்டக்டர்."

"அவரோட இந்தப் பக்கம் இருக்கற கை?"

மாமனார் வெகுநேரம் பார்த்தார். தோளைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். "என் கை மாதிரிதான் இருக்கு," என்றார். பிறகு, "ஆமா. என் கைதான்."

"இப்ப குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். முகம் மலர்ந்தது. "இது அவ கை."

இப்படியே காலையும் மாலையும் நடந்தது. கண்ணாடியில் அவர் கை, மடியில் மாமியார் கை. மச்சினி சளைக்கவில்லை. ஒப்பந்தம் முடியப் போகிறது, ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வேறு இருந்தது. "அப்பாவுக்கு நிக்கட்டும், அப்புறம் போறேன்" என்று தள்ளிப் போட்டாள். போகப் போக, கண்ணாடியை எடுத்த பிறகும் மாமனார் பதில் சொல்ல யோசித்தார். "அவளோடது... இல்ல, இரு, பாக்கறேன்" என்றார். போர்வையை இழுக்கப் போன வலது கை பாதி வழியில் நின்றது. அதைக் கண்ட மச்சினி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு நாள் காலை கண்ணாடியே கொண்டு வராமல் கேட்டாள்: "இது யாரு கைப்பா?"

"என் கை."

"நிச்சயமாவா?"

"என் கைதான் பாப்பா. சக்கரத்துல மாட்டின தழும்பு இருக்கே."

அவள் துள்ளிக் குதிக்காத குறை. "அக்கா! அக்கா, இங்க வாயேன்!" என்று அடுப்படிக்கு ஓடினாள். அறையில் நானும் மாமனாரும் மட்டும் இருந்தோம். அவர் அந்தக் கையை வலது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை," என்றார். "அப்ப அவ எப்பப் போனா?"

எனக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருபவன் நான். அன்றைக்குப் போர்வையை இழுத்து அந்தக் கையின் மேல் போர்த்திவிட்டேன்.

கை தேறியது, பொய் சொல்லக் கூடாது. கட்டைவிரல் அசைந்தது. தொட்டால் உணர்ச்சி தெரிந்தது. பிசியோ பெண் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். மாமனார் சொன்னதையெல்லாம் செய்தார், மடக்கச் சொன்னால் மடக்கினார், நீட்டச் சொன்னால் நீட்டினார். பேச்சு மட்டும் வற்றிவிட்டது. பிஸ்கட்டை முழுசாக அவரே தின்றார். ஜன்னலில் பஸ் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாமியார் செத்தபோது அழாமல், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது வெறும் மத்தியானத்தில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி வழக்கம்போலத் தங்கைக்குச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

நேர்காணல் தேதி போய்விட்டது. அவளுடைய பேராசிரியர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். குழப்பம் இவ்வளவு தெளிவாக நின்றுபோனது அபூர்வமாம். கட்டுரையாக எழுதினால் நிரந்தர வேலை தானாகத் தேடி வருமாம். சொந்தக்காரர்களை வைத்து ஆராய்ச்சி செய்ய விதி இடம் தராது என்று இவள் சொன்னாள். "நோயாளியைப் பாத்தது வேற ஒருத்தர்னு கையெழுத்துப் போட்டுக்கலாமே" என்றாராம். அவள் தொலைபேசியை மேஜையில் வைத்துவிட்டு, அது பேசிக்கொண்டிருக்கவே எழுந்து வந்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"நல்ல ஆராய்ச்சி முடிவாம் மாமா."

அன்று மாலை மாமனார் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், ஆனால் கண்டக்டர் குரல், ரகசியம் பேசினால் பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் போகும்.

"பாப்பா, நீ இவ்வளவு படிச்சிருக்க. இதைத் திருப்பி வைக்க ஏதாவது வழி இருக்கா?"

"எதைப்பா?"

"பழையபடி. கை வராட்டி போகுது."

அவள் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "தெரியலப்பா," என்றாள். "பாக்கறேன்."

ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு பிரஷ்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவளுக்கு அவள் அம்மாவின் கை. நீள விரல்கள், சுண்டுவிரலில் ஒரு சின்ன வளைவு. மாமனாரின் இடது கையை ஒரு பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அவருக்குப் பின்புறமாக ஒட்டி உட்கார்ந்து, அவர் அக்குள் வழியாகத் தன் இடது கையை நீட்டி அவர் மடியில் கிடத்தினாள். முகம் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"மாமா, ரெண்டு கையையும் ஒரே மாதிரி வருடுங்க. ஒரே விரல், ஒரே வேகம். பேசக் கூடாது."

"பேசாம இருக்கறதுக்குத் தனிக் கூலி வேணும்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் வருடினேன். கண்ணாடியில் வைரக் கத்தி வைத்துக் கோடு போடும்போதுகூட அவ்வளவு கவனம் வைத்ததில்லை. மாமனார் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்பா, இப்ப உங்க மடியில இருக்கறது யாரு கை மாதிரி தோணுது?"

"உங்கம்மா கை," என்றார் மாமனார் உடனே. "வந்துட்டா பாப்பா. அவளேதான்."

என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மச்சினி மட்டும் ஆய்வுக்கூடத்துக் குரலிலேயே கேட்டுக்கொண்டு போனாள்.

"அந்தக் கை லேசாப் பச்சை நிறமா மாறுதாப்பா?"

"ஆமாம்மா. லேசாப் பச்சையா இருக்கு."

"கை இப்ப ரெண்டா தெரியுதா?"

"தெரியுது. ரெண்டு இருக்கு."

இது என்ன கிறுக்குக் கேள்வி என்று நான் தலையை நீட்டி அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்த ஆராய்ச்சியில் எல்லாரிடமும் இப்படி இரண்டு கேள்வி கேட்பார்களாம். யாருக்கும் எப்போதும் நடக்காத விஷயங்கள். அதற்கும் ஆமாம் என்று சொன்னால், அந்த ஆள் எதையும் உணரவில்லை, எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறார் என்று அர்த்தமாம். இதை அவள் பின்னால் ஒரு நாள் எனக்குச் சொன்னாள். அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு என்ன புரிந்ததோ, பிரஷ் நின்றுவிட்டது.

"நல்லா வந்திருக்குப்பா," என்றாள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து. "நீங்க கேட்ட மாதிரியே நடந்திருக்கு."

"நீ படிச்சது வீண் போகல பாப்பா," என்றார் மாமனார்.

"நிறுத்தாதீங்க மாமா," என்றாள் அவள். நான் மறுபடியும் வருட ஆரம்பித்தேன், இரண்டு கையையும், ஒரே விரலில், ஒரே வேகத்தில்.